அத்தியாயம் 7: நீலக்கருப்பும் செங்கல் சிவப்பும்
(மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கரைசல் கொண்டு சோதித்தறிதல்)

கோலசிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் போகிற சாலையில் இரண்டு பக்கமும் கண்ணில் படுவதில் பெரும்பகுதி மாவுச்சத்தையோ சர்க்கரையையோ சேமித்து வைத்திருக்கும் பயிர்கள்தாம். தஞ்சோங் காராங்கிலும் செகிஞ்சானிலும் நெல் வயல்கள். தோட்டத்து வீட்டுக் கொல்லைகளில் மரவள்ளியும் வாழையும். அவற்றுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. இவற்றுக்குள்ளே மாவுச்சத்து எப்போது சர்க்கரையாக மாறுகிறது, சர்க்கரை எப்போது மாவுச்சத்தாகச் சேர்கிறது என்பதை ஒரு பிள்ளை தன் கண்ணாலேயே பார்த்துவிட முடியும். அதற்கு வேண்டியவை இரண்டு கரைசல்களும் கொஞ்சம் பொறுமையும்.

தோட்டப்புறத்தில் மாலை வகுப்போ விடுமுறை முகாமோ நடத்துகிறவர்களுக்காகவும், வீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து செய்ய விரும்பும் பெற்றோருக்காகவும் இந்த அத்தியாயம் எழுதப்பட்டது. அஸ்தி அமைப்பு தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு நடத்திவரும் அறிவியல் விழாவுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கும் இது உதவும். படிவம் 2 அறிவியலில் உணவுச் சோதனைகள் பாடமாகவே வருகின்றன. அங்கே பாடம் மலாயிலோ ஆங்கிலத்திலோ நடக்கும். தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போதே கையால் செய்து பார்த்த பிள்ளைக்கு ‘லாருத்தான் அயோடின்’, ‘லாருத்தான் பெனெடிக்ட்’ என்ற பெயர்கள்தாம் புதிதாக இருக்கும். வேலை பழகிப்போனதாக இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ மூவரில் ஒருவர். சோற்றுக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொற்பொழிவாகச் சொல்வதைவிடக் குழாயில் நிறமாகக் காட்டுவது மனத்தில் நிற்கும்.

இரண்டு கரைசல்கள், இரண்டு கேள்விகள்

அயோடின் கரைசல் கேட்கும் கேள்வி: இதில் மாவுச்சத்து இருக்கிறதா?

அயோடினை 1811இல் பிரான்சில் பெர்னார் கூர்த்துவா கண்டுபிடித்தார். மூன்றே ஆண்டுகளில், 1814இல், அது மாவுச்சத்தை நீலமாக்குகிறது என்பதும் தெரிந்துவிட்டது. தனி அயோடின் தண்ணீரில் மிகச் சிறிதளவே கரையும். அதனால்தான் ஆய்வகக் கரைசலில் பொட்டாசியம் அயோடைடையும் சேர்க்கிறார்கள். மாவுச்சத்தில் இரண்டு வகை மூலக்கூறுகள் உண்டு. ஒன்று அமைலோஸ், கிளையில்லாத நீண்ட சங்கிலி, ஸ்பிரிங் கம்பிபோலச் சுருண்டிருக்கும். இன்னொன்று அமைலோபெக்டின், கிளை கிளையாகப் பிரிந்தது. அயோடின் அமைலோஸ் சுருளுக்குள் நுழைந்து வரிசையாக அடங்கும்போதுதான் அந்த நீலக்கருப்பு நிறம் பிறக்கிறது. சூடாக்கினால் சுருள் தளர்ந்து நிறம் மங்கும். ஆறினால் திரும்ப வரும். ஆகவே அயோடின் சோதனையை எப்போதும் ஆறிய பொருளில்தான் செய்ய வேண்டும்.

பெனடிக்ட் கரைசல் கேட்கும் கேள்வி: இதில் ஒடுக்கும் சர்க்கரை இருக்கிறதா?

அமெரிக்க வேதியியலர் ஸ்டான்லி பெனடிக்டின் பெயர் கொண்ட கரைசல் இது. ஒரு லிட்டரில் மயில்துத்தம் 17.3 கிராம், சோடியம் சிட்ரேட் 173 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 100 கிராம் இருக்கும். நீல நிறத்துக்குக் காரணம் மயில்துத்தத்தில் உள்ள தாமிரம். குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், மால்டோஸ், பாலில் உள்ள லாக்டோஸ் ஆகியவை சூட்டில் அந்தத் தாமிரத்தை ஒடுக்கிச் செந்நிறத் தாமிர ஆக்சைடாக அடியில் படிய வைக்கும். சர்க்கரை கொஞ்சமாக இருந்தால் பச்சை. கூடக் கூட மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் சிவப்பு. இரத்தச் சர்க்கரை மானியும் சோதனைப் பட்டைகளும் பரவலாகும் முன், நீரிழிவு நோயாளியின் சிறுநீரைப் பல பத்தாண்டுகள் இந்தக் கரைசலால்தான் சோதித்தார்கள்.

நாம் வீட்டில் போடும் வெள்ளைச் சீனி, அதாவது சுக்ரோஸ், ஒடுக்கும் சர்க்கரை அல்ல. பெனடிக்ட் அதைக் கண்டுகொள்ளாது. இந்த ஒரு செய்தியை மறந்தால் பாதி முடிவுகள் தவறாகிவிடும். சோதனை 4இல் இதை விரிவாகப் பார்ப்போம்.

வாங்க வேண்டியவை

அயோடினுக்கு ஃபார்மசியில் விற்கும் 10 விழுக்காட்டுப் போவிடோன் அயோடின் போதும். புண்ணுக்குப் போடும் பழுப்பு மருந்து அது. ஒரு பங்கு மருந்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்துத் தேநீர் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள்.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். நம் வீடுகளில் ‘மஞ்சள் மருந்து’ என்று வைத்திருப்பது பெரும்பாலும் அக்ரிஃபிளேவின். அதுவும் புண் மருந்துதான். ஆனால் அதில் அயோடின் கிடையாது. சோற்றில் எத்தனை சொட்டு விட்டாலும் மஞ்சளாகவே இருக்கும். பிள்ளைகள் ‘சோற்றில் மாவுச்சத்து இல்லை’ என்று எழுதிவிடுவார்கள்.

பெனடிக்ட் கரைசலை வீட்டில் கலக்க வேண்டாம். இடைநிலைப்பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் வழியாகவோ, ஆய்வகப் பொருள் விற்பவரிடமோ ஆயத்தக் கரைசலாக வாங்குங்கள். 100 மில்லிலிட்டர் குப்பி ஒன்று முப்பது நாற்பது சோதனைகளுக்கு வரும்.

மற்றவை: சோதனைக் குழாய்கள், குழாய் பிடிக்கும் மரக் கிடுக்கி, சொட்டுக் குழாய் இரண்டு (ஒவ்வொரு கரைசலுக்கும் தனியாக), வெள்ளைப் பீங்கான் தட்டு, குழாய்களை நிறுத்த ஒரு சில்வர் குவளை, கொதிநீர், குளுக்கோஸ் பொடி, நேரம் பார்க்க ஒரு கைப்பேசி.

பாதுகாப்பு

1. சோதித்த உணவு எதையும் யாரும் சாப்பிடக் கூடாது. சாப்பிடும் தட்டைச் சோதனைக்கு எடுக்க வேண்டாம்.
2. பெனடிக்ட் குழாயை நேரடியாக நெருப்பில் காட்டாதீர்கள். கரைசல் திடீரென்று பொங்கிச் சிதறும். கொதிநீர்க் குவளைக்குள் நிறுத்தியே சூடாக்குங்கள். கண்ணாடி அணியுங்கள்.
3. மயில்துத்தம் நஞ்சு. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே குப்பியைத் திறக்க வேண்டும்.
4. அயோடின் துணியில் பட்டால் கறை பிடிக்கும். வைட்டமின் சி மாத்திரை ஒன்றைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்தால் போய்விடும்.
5. பச்சை மரவள்ளியை யாரும் கடித்துப் பார்க்க வேண்டாம். அதில் சயனைடு தரும் பொருள் உண்டு.

முதல் வேலை: ஒப்பீட்டுக் குழாய்கள்

எந்தச் சோதனையிலும் மூன்று குழாய்கள் வேண்டும். ஒன்றில் வெறும் தண்ணீர். ஒன்றில் நமக்குத் தெரிந்த பொருள்: அயோடினுக்குக் கஞ்சித் தண்ணீர், பெனடிக்ட்டுக்குக் குளுக்கோஸ் கரைசல். மூன்றாவதில் நாம் அறிய விரும்பும் பொருள். தண்ணீர்க் குழாய் நிறம் மாறினால் குழாய் அழுக்கு. தெரிந்த பொருள் நிறம் மாறாவிட்டால் கரைசல் கெட்டுப்போயிருக்கிறது. இரண்டும் சரியாக வந்த பிறகுதான் மூன்றாவது குழாயின் நிறத்தை நம்ப வேண்டும்.

சர்க்கரையின் அளவை ஓரளவு மதிப்பிட ஒரு நிற வரிசையும் செய்து வையுங்கள். 2 கிராம் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்து 100 மில்லிலிட்டராக்கினால் அது 2 விழுக்காட்டுக் கரைசல். அதில் பாதியை எடுத்து அதே அளவு தண்ணீர் சேர்த்தால் 1 விழுக்காடு. இப்படியே 0.5, 0.25 என்று இறங்குங்கள். ஒவ்வொன்றிலும் 2 மில்லிலிட்டர் எடுத்து, 2 மில்லிலிட்டர் பெனடிக்ட் சேர்த்து, கொதிநீரில் 5 நிமிடம் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் எல்லாச் சோதனைகளையும் இதே அளவில், இதே நேரத்தில் செய்தால்தான் அந்தப் படத்தோடு ஒப்பிட முடியும்.

சோதனை 1: மூன்று வகை மாவுச்சத்து

செகிஞ்சான் அரிசிச் சோறு, புளுட் அரிசிச் சோறு, அவித்த மரவள்ளி ஆகிய மூன்றையும் தனித்தனியாக மசித்து, தண்ணீரில் கலக்கி ஆறவைத்து வெள்ளைத் தட்டில் வரிசையாக ஊற்றுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சொட்டு அயோடின்.

சாதாரணச் சோறும் மரவள்ளியும் உடனே நீலக்கருப்பாகும். புளுட்டின் மேல் விழுந்த சொட்டைக் கூர்ந்து பாருங்கள். அது நீலமாகாது, செம்பழுப்பாக, ஓரத்தில் ஊதா சாயலோடு பரவும். பிள்ளைகள் முதலில் ‘அயோடின் சரியில்லை’ என்பார்கள். அப்போது கஞ்சித் தண்ணீர்க் குழாயைக் காட்டுங்கள். அது நீலமாகவே இருக்கும்.

காரணம் அரிசியில் இருக்கிறது. சாதாரண அரிசியின் மாவுச்சத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அமைலோஸ். புளுட்டில் அது அநேகமாக இல்லை, முழுக்க அமைலோபெக்டின். அயோடின் போய் அடங்க நீண்ட சுருள் கிடையாது. புளுட் சோறு ஒட்டிக்கொள்வதற்கும் அதுவே காரணம். பாட்டி கையால் புளுட்டைப் பிடித்து உருட்டும்போது உணர்கிற பசையையும், தட்டில் தெரிகிற நிறத்தையும் ஒன்றாக வைத்துப் பிள்ளைக்கு விளக்குங்கள்.

மரவள்ளியைச் சோதிக்கும்போது தாத்தா பாட்டியைப் பேசவிடுங்கள். ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் தோட்டங்கள் மரவள்ளியை நம்பி உயிர் வாழ்ந்த கதை பல குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. அரிசி இல்லாத இடத்தில் மரவள்ளி ஏன் வயிற்றை நிரப்பியது என்பதற்குத் தட்டில் தெரியும் கருமையே விடை. அதே கிழங்கில் புரதம் மிகக் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வயிறு நிரம்பியும் உடல் மெலிந்தது அதனால்தான்.

சோதனை 2: வாழை பழுக்கும் வாரம்

ஒரே சீப்பிலிருந்து நன்கு முற்றிய பச்சைக் காய்களாக வாங்குங்கள். முதல் நாள் ஒரு காயை வட்டமாக நறுக்கி, வெட்டு முகத்தில் அயோடினைத் தடவுங்கள். முழு வட்டமும் கருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் அதே சீப்பில் இன்னொன்றை எடுத்து இதையே செய்யுங்கள். காய் மஞ்சளாக மாற மாற வெட்டு முகத்தில் கருமை குறைந்துகொண்டே வரும். தோலில் கரும்புள்ளி விழுந்த பழத்தில் அயோடின் தன் பழுப்பு நிறத்திலேயே நின்றுவிடும்.

ஒவ்வொரு நாளும் ஒரு சிறு துண்டை மசித்து, தண்ணீர் சேர்த்து வடிகட்டிப் பெனடிக்ட் சோதனையும் செய்யுங்கள். அங்கே எதிர்த்திசையில் நடக்கும்: முதல் நாள் நீலமோ இளம்பச்சையோ, கடைசி நாள் செங்கல் சிவப்பு. பச்சைக் காயின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்த மாவுச்சத்து, பழத்தில் ஓரிரு விழுக்காடாகக் குறைந்து சர்க்கரையாகிவிடுகிறது. ஒரே வாரத்தில் கண்முன்னே நடக்கும் இந்த மாற்றம்தான் இந்த அத்தியாயத்தின் மையம். மாவுச்சத்து என்பது சர்க்கரைகள் கோத்துப் பூட்டப்பட்ட வடிவம். பூட்டுத் திறந்தால் சர்க்கரை.

குளிர்நாடுகளில் ஆப்பிள் பயிரிடுவோரும் இதே முறையைக் கையாள்கிறார்கள். வெட்டிய ஆப்பிளை அயோடினில் நனைத்து, கருத்த பகுதி எவ்வளவு என்று பார்த்து அறுவடை நாளை முடிவு செய்கிறார்கள்.

சோதனை 3: வாயில் நடப்பது

கஞ்சித் தண்ணீர் 5 மில்லிலிட்டர் எடுத்து உடல் சூட்டுக்கு ஆறவிடுங்கள். பிள்ளை வாயைக் கொப்பளித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் தன் எச்சிலை 1 மில்லிலிட்டர் அளவு தன் குழாயிலேயே விட வேண்டும். ஒருவர் குழாயை இன்னொருவர் தொடக் கூடாது. குழாயை 37 பாகை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துங்கள். வெள்ளைத் தட்டில் அயோடின் சொட்டுகளைக் கட்டம் கட்டமாக வைத்து, நிமிடத்துக்கு ஒரு முறை குழாயிலிருந்து ஒரு சொட்டை அடுத்த கட்டத்தில் விடுங்கள்.

முதல் கட்டம் நீலக்கருப்பு. பிறகு ஊதா, செம்பழுப்பு, கடைசியில் அயோடினின் சொந்த நிறம். எச்சிலில் உள்ள அமைலேஸ் நொதி மாவுச்சத்தை வெட்டி மால்டோஸாக்கிவிட்டது. இப்போது அதே குழாயில் பெனடிக்ட் சேர்த்துச் சூடாக்குங்கள். நிறம் ஆரஞ்சுப் பக்கம் போகும். ஒப்பீட்டுக்கு, கொதிக்க வைத்து ஆறிய எச்சிலோடு இன்னொரு குழாய் வையுங்கள். அதில் நீலக்கருப்பு அப்படியே நிற்கும்; சூட்டில் நொதி கெட்டுவிட்டது.

ஒரு தோட்ட மண்டபத்தில் இதைச் செய்து காட்டியபோது பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி கேட்டார்: “சார், சோறு இனிக்கவே இல்லையே, அப்புறம் ஏன் டாக்டரு சோத்தக் குறைங்கன்னு சொல்றாரு?”

“பாட்டி, ஒரு வாய் வெறுஞ்சோத்த விழுங்காம நல்லா மென்னுக்கிட்டே இருங்க” என்றேன்.

பக்கத்தில் இருந்த பேத்தி கைப்பேசியில் நேரம் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் பாட்டி வாயை மூடியபடியே தலையை ஆட்டினார். விழுங்கிய பிறகு சொன்னார்: “ஆமாய்யா, லேசா இனிக்குது.”

அந்த மண்டபத்தில் அதற்கு மேல் நீரிழிவு விளக்கம் தேவைப்படவில்லை. வாயில் தொடங்கும் வேலையைச் சிறுகுடல் முடிக்கிறது. சோறு குளுக்கோஸாகவே இரத்தத்தில் சேர்கிறது. தேநீரில் சீனியை நிறுத்திவிட்டுத் தட்டில் சோற்றைக் குவிப்பது ஏன் பயன் தராது என்பது இந்தக் குழாயில் தெரிந்துவிடும்.

சோதனை 4: சீனி என்னும் பொறி

வெள்ளைச் சீனியைத் தண்ணீரில் கரைத்துப் பெனடிக்ட் சோதனை செய்யுங்கள். நீலம் நீலமாகவே இருக்கும். இதைப் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும். ‘நிறம் மாறவில்லை’ என்பதற்கு ‘சர்க்கரை இல்லை’ என்று பொருளல்ல. ‘ஒடுக்கும் சர்க்கரை இல்லை’ என்றுதான் பொருள்.

அடுத்த படியை ஆய்வகத்தில் ஆசிரியர் மட்டும் செய்ய வேண்டும். சீனிக் கரைசல் 2 மில்லிலிட்டரில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விட்டுக் கொதிநீரில் 5 நிமிடம் வைக்கவும். ஆறியதும் ஆப்பச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக, நுரை அடங்கும்வரை போடவும். பெனடிக்ட் காரக் கரைசல். அமிலம் மிச்சமிருந்தால் வேலை செய்யாது. பிறகு பெனடிக்ட் சேர்த்துச் சூடாக்கினால் செங்கல் சிவப்பு வரும். அமிலம் சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்துவிட்டது.

இந்த அறிவோடு கடைப் பானங்களைப் பாருங்கள். 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு மலேசிய அரசு 2019 ஜூலை 1 முதல் லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது. லேபிளில் உள்ள அளவைப் பிள்ளைகள் படித்து எழுதட்டும், பிறகு சோதிக்கட்டும். சில பானங்கள் சீனி போட்டவையாக இருந்தும் பெனடிக்டில் சிவக்கும், ஏனென்றால் பானத்தின் புளிப்பு சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்திருக்கும். டின் பாலும் சிவக்கும். அது பாலின் லாக்டோஸ். அதில் போட்ட சீனியைப் பெனடிக்ட் காட்டவில்லை. அளவு தெரிய வேண்டுமானால் லேபிளைத்தான் நம்ப வேண்டும், குழாயின் நிறத்தை அல்ல.

தேனும் இப்படித்தான். தேன் இயல்பாகவே குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் நிறைந்தது. நல்ல தேனும் சிவக்கும், பாகு கலந்த தேனும் சிவக்கும். தேனின் தூய்மையைப் பெனடிக்டால் அறிய முடியாது.

சோதனை 5: செம்பருத்தி இலை

சட்டியில் வைத்த செம்பருத்திச் செடியை இரண்டு நாள் இருட்டறையில் வையுங்கள். பிறகு ஓர் இலையின் நடுவில் கருப்புத் தாளை இருபுறமும் சுற்றிக் கிளிப் போட்டு, செடியை முழுநாள் வெயிலில் வையுங்கள். மாலையில் இலையைப் பறித்துக் கொதிநீரில் ஒரு நிமிடம் போடவும். அடுப்பை அணைத்துவிட்டு, எத்தனால் உள்ள குழாயில் இலையைப் போட்டு, அந்தக் குழாயைச் சுடுதண்ணீரில் நிறுத்தவும். எத்தனால் எளிதில் தீப்பிடிக்கும்; பக்கத்தில் நெருப்பே இருக்கக் கூடாது. பச்சையம் வெளியேறி இலை வெளுத்ததும், வெந்நீரில் அலசி மிருதுவாக்கி, தட்டில் விரித்து அயோடின் விடுங்கள்.

வெயில் பட்ட பகுதி கருக்கும். தாள் மூடிய பகுதி பழுப்பாகவே நிற்கும். இலை வெளிச்சத்தில்தான் மாவுச்சத்துச் செய்கிறது என்பதை 1860களில் ஜெர்மானியத் தாவரவியலர் யூலியுஸ் சாக்ஸ் அயோடினைக் கொண்டே நிலைநாட்டினார். தேசிய மலரின் இலையிலேயே அதை நம் பிள்ளைகள் செய்து பார்க்கலாம்.

சோதனை 6: வெட்டிய செம்பனை

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நம் பகுதியில்தான் தொடங்கியது. பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்த இன்றைய பெஸ்தாரி ஜெயாவின் அருகே, தென்னமரம் தோட்டத்தில் 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே அதை நட்டார். செம்பனை என்றால் எண்ணெய் என்றே நமக்கு நினைப்பு. எண்ணெயை அயோடினும் காட்டாது, பெனடிக்டும் காட்டாது. ஆனால் தண்டுக்குள் வேறு சேமிப்பு இருக்கிறது.

மரங்களுக்கு ஏறத்தாழ 25 வயதானதும் தோட்டங்களில் மறுநடவு நடக்கும். அப்போது சாய்த்த தண்டின் உட்பகுதியில் ஒரு சிறு துண்டு கேட்டு வாங்குங்கள். நிர்வாகத்தின் அனுமதி கட்டாயம். இயந்திரங்கள் ஓடும் இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம், பெரியவர் ஒருவர் எடுத்து வந்தால் போதும். துண்டின் மேல் அயோடின் விட்டு, நார்களுக்கு இடையே உள்ள மெத்தென்ற பகுதியில் கருமை எங்கெங்கே படிகிறது என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். துண்டைப் பிழிந்து வரும் சாற்றில் பெனடிக்ட் சேர்த்துச் சூடாக்கினால் நிறம் மாறும். அந்தச் சாற்றில் குளுக்கோஸ் மிகுதி.

மலேசிய, ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தச் சாற்றிலிருந்து எத்தனால் தயாரிக்க முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். தண்டை வெட்டிப் போட்ட பின் சில வாரங்களுக்குச் சாற்றின் சர்க்கரை கூடுகிறது என்றும் கண்டார்கள். முடிந்தால் வெட்டிய அன்றும் பத்து நாள் கழித்தும் இரு துண்டுகள் வாங்கி ஒப்பிடுங்கள். அறிவியல் விழாவுக்கு எடுத்துச் செல்ல இதைவிட நம் மண்ணுக்குரிய தலைப்பு கிடைப்பது அரிது.

ஏமாற்றும் முடிவுகள்

கொய்யா, எலுமிச்சைச் சாற்றில் அயோடின் நிறமே போய்விட்டால் பயப்பட வேண்டாம். வைட்டமின் சி அயோடினை நிறமற்ற அயோடைடாக்கிவிடுகிறது. இன்னும் சில சொட்டு சேர்த்து, நிறம் நிலைத்த பிறகு பாருங்கள். அதே வைட்டமின் சி பெனடிக்டையும் நிறம் மாற்றும். ஆகவே பழச்சாற்றில் வரும் சிவப்பு முழுவதையும் சர்க்கரைக் கணக்கில் எழுதாதீர்கள்.

பாலில் மாவு கலந்திருக்கிறதா என்று பார்க்க அயோடின் நல்ல சோதனை. காய்ச்சி ஆறிய பாலில் ஒரு சொட்டு விட்டால் போதும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் வீட்டாருக்கு இதைப் பரிந்துரைக்கிறது. மஞ்சள் தூளில் இது பயன்படாது, ஏனென்றால் மஞ்சள் கிழங்கிலேயே மாவுச்சத்து உண்டு.

நீரிழிவு உள்ளவர்கள் இந்தக் கரைசல்களால் தம் நோயை அளக்கவே கூடாது. அதற்கு அரசு மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனை இருக்கிறது.

பதிவும் கழிவும்

ஒவ்வொரு பிள்ளையும் குழாயைச் சூடாக்கும் முன், என்ன நிறம் வரும் என்று தான் நினைப்பதை எழுத வேண்டும். பிறகு வந்த நிறத்தை எழுத வேண்டும். மூன்றாவதாகக் காரணம். நினைத்ததும் வந்ததும் வேறுபட்டால் எதையும் அழிக்க விடாதீர்கள். அந்த வரிதான் அடுத்த சோதனையைத் தொடங்கி வைக்கும்.

பயன்படுத்திய பெனடிக்ட் கரைசலைக் கால்வாயில் கொட்டாதீர்கள். நம் பகுதியின் நீரில் ஒரு பங்கு சிலாங்கூர் ஆற்றில் சேர்கிறது. கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகளின் புழுக்கள் ஆற்றோரச் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. தாமிரம் நத்தைகளைக் கொல்லும். ஒரு வகுப்பின் கழிவு சிறியதுதான். ஆனால் கழிவை எங்கே கொட்டுவது என்ற பழக்கத்தைப் பிள்ளை இங்கேதான் கற்றுக்கொள்கிறது. மூடியுள்ள குப்பியில் சேர்த்துவைத்து இடைநிலைப்பள்ளி ஆய்வகத்தில் ஒப்படையுங்கள்.

ஆறு சோதனைகளையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. பெனடிக்ட் கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு குப்பி போவிடோன் அயோடினும் ஒரு சீப்பு பச்சை வாழையும் வாங்கி இந்த வாரமே தொடங்குங்கள். முதல் சொட்டைப் பிள்ளையின் கையால் விடச் செய்யுங்கள். வீட்டில் நீரிழிவு உள்ள பெரியவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.